அஸருக்கு நின்ற பஸ்

கல்முனை பஸ் நிலையத்தில் பின்னேரம் ஒருக்கா நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். பஸ் வந்து ஓய்வதற்கு முன்பே யன்னலால் லேஞ்சிகள், அதுதான் கைக்குட்டைகள், உள்ளே பறக்கும். கைலேஞ்சி இல்லாதவர் தொப்பியைப் போடுவார், குடையைப் போடுவார். ஒருவர் மரவள்ளிக் கிழங்குப் பையைப் போட்டதையும் கண்டிருக்கிறேன். எது எந்தச் சீட்டில் விழுந்ததோ அந்தச் சீட் அவருடையது. தெரியாமல் யாரும் அதில் இருந்துவிட்டால், "லேஞ்சி கண்ணுக்குத் தெரியல்லியா வாப்பா?" என்று சம்பந்தமில்லாத நாலு பேர் கேட்பார்கள். எந்தச் சட்டத்திலும் எழுதியில்லை. ஆனால் எழுதிய சட்டத்தைவிடக் கெட்டி.

தரவுத்தளத்தில் பூட்டு என்றால் என்ன என்பதைப் பிள்ளைகளுக்கு நான் இந்த லேஞ்சியை வைத்துத்தான் படிப்பித்தேன். ஒரே தரவில் இரண்டு பேர் ஒரே நேரம் கைவைத்துக் குழப்பாமல் இருக்க, முதலில் வந்தவர் ஒரு லேஞ்சியைப் போட்டுக்கொள்கிறார். வேலை முடிந்ததும் 'கொமிட்' என்று தட்டுகிறார். மாற்றம் பதிகிறது, லேஞ்சி எடுபடுகிறது. கொமிட் தட்டும்வரை எல்லாம் கலியாணப் பேச்சுக்கால் மாதிரி, இரண்டு வீட்டுக்குள்தான். கொமிட் என்றால் நிக்காஹ் எழுதியாயிற்று. ஊருக்கே தெரியும், இனி மாற்றேலாது. இதைச் சொன்னால் வகுப்பின் நடுவில் தொங்கும் மறைப்புத் துணிக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெண் பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரித்த விஷயம் மறக்காது.

நான் பெரிய படிப்புப் படித்தவனல்ல. ஃபோன் திருத்திக்கொண்டிருந்தவன். உடைந்த ஃபோனுக்குள் பார்த்த கண், பிறகு கொம்பியூட்டருக்குள் பார்த்தது, பிறகு அதற்குள் ஓடும் எழுத்துக்குள் பார்த்தது. எனக்கு ஓரிடத்தில் இருக்கேலாது. "கொதிமணலில் கால்வைத்த கோழி" என்று உம்மா சொல்லுவார். அந்தக் கோழிதான் ஒருநாள், பிள்ளைகள் படிக்கவென்று சொந்தமாக ஒரு தரவுத்தள முகாமைத்துவ முறைமையைக் கட்டலாம் என்று தொடங்கியது. பெயரைப் பாருங்கள், கொழும்பு பஸ்ஸைவிட நீளம். நாங்கள் அதைச் சுருக்கி 'மெசின்' என்போம்.

ஏன் சொந்தமாக? உலகத்தார் பாவிக்கும் பெரியவை எங்கள் பயிற்சி நிலையத்தின் பழைய கொம்பியூட்டர்களில் ஏறவே மூச்சுவாங்கின. ஏறினாலும் உள்ளே நடப்பதைக் காட்டாது. சோற்றில் விட்ட ஆணம் தெரியும், அது கொதித்த அடுப்படி தெரியாது. எனக்கு அடுப்படியைக் காட்டவேண்டும். பிள்ளை ஒரு கட்டளை தட்டினால், அது எந்தப் பக்கத்தைத் திறக்கிறது, எங்கே பூட்டுப் போடுகிறது, எப்போது எடுக்கிறது என்பதையெல்லாம் படமாகக் கீறிக் காட்டும் ஒன்று. கட்டளை எல்லாம் ஊருலகத்தில் உள்ள அதே கட்டளைதான். பதில் மட்டும் தமிழில் வரும். காத்திருக்க வேண்டிய இடம் வந்தால் திரையில் 'பொறுங்கள்' என்று வரும். அவ்வளவுதான். ஒரே சொல்.

"சேர்ட மெசின் எந்த நேரமும் ஸபூர் செய்யச் சொல்லுது" என்று பொடியன்கள் பகிடி பண்ணுவார்கள்.

பயிற்சிக்கு ஒரு பஸ் வைத்திருந்தேன். கொழும்புக்குப் போகும் பஸ். அதன் சீட்டெல்லாம் ஒரே அட்டவணையில். மொத்த வகுப்புக்கும் அந்த ஒரே பஸ்தான். ஆளுக்கொரு பஸ் கொடுத்தால் லேஞ்சி எதற்கு? பிள்ளைகள் சீட் பிடிப்பார்கள், பயணியின் விபரம் போடுவார்கள், சரிபார்த்துக் கொமிட் தட்டுவார்கள். மதியத்து லுஹர் தொழுதுவிட்டு வந்தால் முதலில் கரும்பலகைப் பாடம். பிறகு இந்த பஸ்.

பஸ் ஒவ்வொரு நாளும் நின்றது.

எப்போதும் பெண் பிள்ளைகளின் பக்கத்தில்தான் நின்றது. அதிலும் முன்வரிசையில் இருந்த ஒரு பிள்ளைக்குத்தான் முதலில் நின்றது. பக்கத்து ஊர், சாய்ந்தமருதுப் பிள்ளை. வகுப்பிலேயே வேகமான விரல். மற்றவர்கள் கேள்வியை வாசித்துக்கொண்டிருக்க, அவள் அடுத்ததற்குப் போயிருப்பாள். சீட் பிடிக்கும் கேள்விக்கு வந்ததும் 'பொறுங்கள்'. பிறகு பக்கத்தில் உள்ளவளுக்கு. பிறகு அந்த வரிசைக்கே. சீட்டுகளைப் பார்க்கக்கூட விடாது. நான் பள்ளிவாசலால் வந்து செருப்பைக் கழற்றி உள்ளே கால்வைத்துக் கொஞ்ச நேரத்தில் எல்லாம் தானாக ஓடும்.

"சேர் வந்தா சரியாயிரும்" என்று ஒருத்தி சொல்ல, அது பரவிவிட்டது. எனக்கும் அது கொஞ்சம் இனித்தது, பொய் சொல்லக்கூடாது.

எனக்குக் கைராசி என்று ஒரு கதை வந்தால், இன்னொருத்தருக்கு அது இல்லை என்றும் கதை வரும்தானே. வந்தது.

ஒருநாள் அந்தப் பிள்ளையின் வாப்பா நிலையத்து வாசலில் வந்து நின்றார். கடற்கரையில் தோணியும் வலையும் வைத்திருப்பவர். அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி, காக்கா என்று உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை. காலில் மணல் என்றார்.

"சேர், எங்கட புள்ள தொட்டா உங்கட மெசின் நிக்கிதாமே?"

"அவக்கு மட்டுமில்ல காக்கா. மத்தப் புள்ளைகளுக்கும் நிக்கிது."

"மத்தவங்களுக்கு மறுகா நிக்கிது. முதல்ல இவளுக்குத்தானே? கடல்லயும் இப்பிடித்தான் சேர். சிலபேர் வலையில கைவெச்சா மீன் விலகும். தொழுற மனிசனாத்தான் இருப்பான், நல்லவனாத்தான் இருப்பான். ஆனா அந்தக் கை வலைக்கில்ல. அதுக்கு அவன் என்ன செய்யிற?"

"இது மீனில்லியே காக்கா."

"எதெண்டாலும் கைதானே தொடுது." அவர் கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் என்னைக் குடைந்தது. "ஒவ்வொரு நாளும் வந்து தலாணியில முகத்த வெச்சி அழுறாள். உம்மாக்காரி பாக்கேலாம என்னையத் திட்டுறாள். வாற செயன்முறைப் பரீட்சை வரைக்கும் விர்ரன் சேர். அண்டைக்கும் நிண்டா, தையலுக்கு மாத்திப் போடுவன். அதுலயெண்டாலும் சிரிச்சித்து வரட்டும்."

அந்தப் பரீட்சையில் தேறினால்தான் அடுத்த வகுப்பு. அவள் அடுத்த வகுப்பையும் அதற்கு அடுத்ததையும் பற்றித்தான் எந்நேரமும் கேட்டுக்கொண்டிருப்பாள். மெசினை நீங்கள் எழுதியதுபோல நானும் ஒன்று எழுதலாமா சேர் என்று கேட்ட ஒரே பிள்ளை அவள்.

அதற்குப் பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வயரை மாற்றினேன். அவளுடைய கொம்பியூட்டரைத் தூக்கி ஆண் பிள்ளைகள் பக்கம் வைத்து, அங்கிருந்ததை அவளுக்குக் கொடுத்தேன். நின்றது. நடுவில் இருக்கும் பெரிய கொம்பியூட்டரைத் திறந்து தூசி ஊதினேன். நின்றது. நான் எழுதியதை முதல் வரியிலிருந்து வாசித்தேன். சாப்பாட்டுக்கு முன்னால் இருந்தும் அதையே யோசித்தேன். மனைவி சோற்றுக் கோப்பையை நகர்த்திவிட்டு, "சோறும் பொறுக்கணுமா?" என்று கேட்டாள்.

"சேர், நான் ஒருக்கா ஓதி ஊதிப் பாக்கட்டா?" என்றான் வகுப்பில் ஒரு பொடியன்.

மறைப்புக்கு அந்தப் பக்கமிருந்து உடனே பதில் வந்தது. "உன்ட மண்டைக்கு முதல்ல ஊது. ரெண்டு நாளா ஒரே சீட்டத் தேடுறாய்."

விடை கிடைத்தது ஒரு கெளுத்தி மீனால். காலையில் கடற்கரையில் நடந்தேன். நின்று யோசிக்கத் தெரியாதவன் நடந்துதான் யோசிக்கவேண்டும். மணலில் கிடந்த கெளுத்தியின் முள் பாதத்தில் ஏறிவிட்டது. பின்னேரம் கால் பொங்கிவிட்டது. அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் ஆண் பிள்ளைகள் எழும்பி முன்னால் இருக்கும் பள்ளிக்குப் போனார்கள். வழமையாக நானும் போவேன். பெண் பிள்ளைகள் பின்னறையில் தொழுவார்கள். அறை சின்னது என்பதால் நாங்கள் திரும்பி வந்த பிறகுதான் இரண்டு மூன்று பேராகப் போவார்கள், அதுவரை வேலை செய்துகொண்டிருப்பார்கள். அன்று நான் காலைக் கதிரையில் தூக்கி வைத்துக்கொண்டு, பிறகு இருந்தபடி தொழுவோம் என்று அவர்கள் பக்கம் இருந்தேன்.

அந்தப் பிள்ளை என்னைத் திரும்பிப் பார்த்தாள். "சேர், இப்ப நிக்கும்."

"என்னெண்டு தெரியும்?"

"அந்தப் பக்கம் செருப்புச் சத்தம் ஓயட்டும். பாருங்க."

செருப்புச் சத்தம் ஓய்ந்தது. அவள் சீட்டுக்குக் கட்டளை தட்டினாள். 'பொறுங்கள்'.

தூக்கி வைத்த காலை இறக்கினேன். "எத்தின நாளா இது தெரியும் உனக்கு?"

"கொஞ்ச நாளா."

"அப்ப ஏன் மகள் சொல்லல்ல?"

அவள் சால்வையின் முனையைத் திருகினாள். "தொழப் போறதால மெசின் நிக்கிது எண்டு நான் என்னெண்டு சேர் வாயால சொல்ற? என்ட கை சரியில்ல எண்டே இரிக்கட்டும் எண்டு நினைச்சன்."

நான் ஒற்றைக் காலில் எழும்பிப் போய்ப் பூட்டுகளின் படத்தைத் திறந்தேன். அங்கே இருந்தது. ஆண் பிள்ளைகள் பக்கத்துக் கதிரை ஒன்று பஸ்ஸைப் பிடித்து வைத்திருந்தது. நொண்டிக்கொண்டு அந்தக் கதிரைக்குப் போனேன். ஆளில்லை. திரையில் சீட் பிடித்த கட்டளை. அதற்குக் கீழே கொமிட் இல்லை. பாங்கு கேட்டதும் போட்டது போட்டபடி எழும்பிப் போய்விட்டான். நல்ல பிள்ளைக்கு வேறென்ன செய்யத் தெரியும்?

லேஞ்சியைப் போட்டுவிட்டுப் பயணி தொழப் போய்விட்டார். வந்து கொமிட் தட்டுவார், பஸ் ஓடும். அந்த நேரம் பார்த்து நானும் உள்ளே வருவேன், கைராசிக்காரன்!

இதில் என் சோம்பலும் ஒன்றிருந்தது. சீட்டுக்குச் சீட் பூட்டுப் போடுவது எழுதக் கஷ்டம் என்று, ஒருவர் ஒரு சீட்டைத் தொட்டாலும் முழு அட்டவணைக்கும் பூட்டு விழுகிற மாதிரி எழுதி வைத்திருந்தேன். ஒரு லேஞ்சிக்கு ஒரு முழு பஸ். மற்ற நேரம் கொமிட் சட்டென்று விழுந்துவிடுவதால் அது கண்ணில் படவில்லை. அந்தப் பிள்ளை வேகமாகப் போனதால்தான், சரியாக அந்த நேரத்தில் அந்தப் பூட்டில் முதலில் போய் முட்டினாள். மெதுவாகப் போயிருந்தால் யாரும் அவள் கையைப் பற்றிக் கதைத்திருக்க மாட்டார்கள்.

பெண் பிள்ளைகளிடம் சொன்னேன். மறைப்புத் துணி ஆடுமளவுக்குச் சிரிப்பு. அவள் மட்டும் சிரிக்கவில்லை. "அப்ப பரீட்சையண்டைக்கு?" என்றாள்.

பரீட்சையை நடத்த அக்கரைப்பற்றிலிருந்து ஒருவர் வருவார். அவர் வரக்கூடிய நேரம் அந்தப் பின்னேரம் மட்டும்தான், நடுவில் அஸர். கேட்டுப் பார்த்தேன், மாற்றேலாது என்றார்.

முதலில் சுகமான வழியைத் தேடினேன். கொஞ்ச நேரம் அசையாமல் கிடக்கும் பூட்டை மெசினே அவிழ்த்துவிடும், பதியாததை அழித்துவிடும். பெரிய மெசின்களும் இப்படிச் செய்வதுண்டு. அடுத்த நாள் அஸருக்குப் பஸ் நிற்கவில்லை. ஆனால் பள்ளியால் வந்த பொடியன் ஒருவன் தலையில் கைவைத்தான். குடும்பம் ஒன்றுக்குப் பிடித்த சீட்டெல்லாம் போயிருந்தது.

"நான் தொழப் போன நேரம் என்ட வேலைய அழிச்சிட்டீங்களே சேர்!"

"ஒட்டகத்தக் கட்டிப் போட்டுத்தான் தொழப் போகணும்" என்று மறைப்புக்குப் பின்னாலிருந்து நபிமொழியை நினைவூட்டியது ஒரு குரல்.

"நான் கட்டிப் போட்டுத்தான் போனன். சேர்தான் அவிழ்த்து விட்டுட்டார்!"

அவன் சொன்னது சரி. பஸ் நிலையத்தில்கூட லேஞ்சி போட்டவர் வெற்றிலை வாங்கப் போனால் நாங்கள் லேஞ்சியைத் தூக்கி எறிவதில்லையே.

சரி, எழும்புமுன் கொமிட் தட்டிவிட்டுப் போங்கள் என்றேன். பாங்கு கேட்டதும் ஆளாளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு தட்டினார்கள். ஒருவன் அவசரத்தில் சாரதியின் சீட்டையே புது மணமக்களுக்குப் பதிந்துவிட்டான்.

ஆக, கஷ்டமான வழிதான் மிஞ்சியது. முழு பஸ்ஸுக்கும் பதிலாகச் சீட்டுக்குச் சீட் பூட்டு. வீட்டு உரிமையையே தாய்வழியாகப் பெண்ணுக்குப் பெண் பிரித்து எழுதிக்கொடுக்கிற எங்கள் ஊரில், யார் எதற்குச் சொந்தம் என்பதை இவ்வளவு மொத்தமாக எழுதிவைத்தேனே என்று என்னையே திட்டிக்கொண்டு எழுதினேன். எழுதினேன், அழித்தேன், கடற்கரைக்குப் போனேன், இந்த முறை செருப்போடு. ஒரு வரி மனதில் விழுந்ததும் ஓடி வந்தேன். பரீட்சைக்கு முதல்நாளும் கை நிற்கவில்லை. கடைசியாக அந்த ஒற்றைச் சொல்லில் கண் விழுந்தது. 'பொறுங்கள்'. யாருக்காக, எதற்காக என்று ஒரு விளக்கமும் இல்லாமல் இத்தனை நாளாக ஒரு பிள்ளையை மெசின் பொறுக்கச் சொல்லியிருக்கிறது. அதையும் மாற்றினேன்.

பரீட்சை நாள். அந்த வாப்பா மகளை மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போகாமல், வாசலுக்கு எதிரே மதிலோரம் நின்றுகொண்டார். கையில் ஒரு பிளாஸ்டிக் போத்தல் தண்ணீர். ஓதின தண்ணீரோ வெறும் தண்ணீரோ, நான் கேட்கவில்லை.

வினாத்தாள் கொடுத்தோம். சத்தமெல்லாம் விசைப்பலகைச் சத்தம்தான். நான் மறைப்பின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தேன். "நீங்க இரிங்க சேர், எங்களுக்குத் தலை சுத்துது" என்று ஒருத்தி முணுமுணுத்தாள்.

பாங்கு கேட்டது. ஆண் பிள்ளைகளுக்கு விடுபடும் நேரத்தைப் பிறகு கூட்டித் தருவதாக ஏற்பாடு. பெண் பிள்ளைகளுக்குக் காவலாக ஒரு டீச்சர் இருந்தார். நான் இருந்து பார்க்கலாம் என்று கதிரையைத் தேட, பரீட்சை நடத்த வந்தவர் என் தோளில் கைவைத்தார்.

"வாங்க சேர், ஜமாஅத் போயிரும்."

என்ன சொல்லி மறுப்பது? கால் சுகமாகிவிட்டது. போனேன். வரிசையில் நின்றேன். வலப்பக்கம் நின்ற பொடியனைப் பார்த்ததும், இவன் கொமிட் தட்டினானா என்ற கேள்விதான் முதலில் வந்தது. ஸஜ்தாவில் நெற்றி தரையில் இருக்க, மனம் பஸ்ஸில் சீட் சீட்டாக ஏறிக்கொண்டிருந்தது. அல்லாஹ் மன்னிக்கட்டும், அந்தத் தொழுகையில் நான் கேட்ட துஆ ஒன்றே ஒன்றுதான். அது அரபியிலும் இல்லை, ஒழுங்கான தமிழிலும் இல்லை.

தொழுகை முடிந்து ஸலாம் கொடுத்ததும், பக்கம் பார்க்காமல் எல்லோருக்கும் முன்னால் வந்துவிட்டேன். அவளுடைய கதிரை வெறுமையாக இருந்தது.

வாசலில் அவளுடைய செருப்பும் இல்லை. நின்றுவிட்டது, அழுதுகொண்டு எழும்பிப் போய்விட்டாள் என்றே நினைத்தேன். திரையைக் குனிந்து பார்த்தேன்.

சீட் பிடிக்கும் இடத்தில் அவள் மறிபட்டுத்தான் நின்றிருக்கிறாள். மெசின் சொல்லியிருந்தது: 'இந்தச் சீட் ஆண்கள் பக்கம் மூன்றாம் கதிரையில் இருப்பவர் கையில். அவர் முடிக்கும்வரை பொறுங்கள், அல்லது வேறு சீட் பாருங்கள்.' அதற்குக் கீழே அவள் வேறு சீட்டுக்குத் தட்டியிருந்தாள். அதற்குக் கீழே விபரம். அதற்குக் கீழே கொமிட். 'பதிந்தாயிற்று.' பிறகு மிச்சக் கேள்விகளெல்லாம் வரிசையாக. முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் போயிருக்கிறாள்.

வெளியே ஓடினேன். மதிலோரம் வாப்பாவும் மகளும் நின்றார்கள். நான் கிட்டப் போகும்போது அவர் அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இண்டைக்கும் நிண்டிச்சா மகள்?"

"ஓம் வாப்பா. ஒருக்கா நிண்டிச்சி."

அவர் முகம் விழுந்தது. போத்தலை மற்றக் கைக்கு மாற்றினார்.

"ஆருக்காக நிக்கிது எண்டு சொல்லிச்சி வாப்பா. அவர் வர்ற நேரம் எனக்கென்னத்துக்கு? நான் வேற சீட் எடுத்தித்துப் போயித்தன்."

அவர் என்னைப் பார்த்தார். "அப்ப கையில பிழை இல்லியா சேர்?"

"கைக்கு ஒண்டுமில்ல காக்கா. வேகமான கை. என்ட பஸ்லதான் பிழை."

அவர் மகளின் கையைப் பார்த்தார். வலையைப் பற்றி யோசித்தாரோ என்னவோ. "அப்ப மீன் விலகல்ல" என்றார், கேள்வியா பதிலா என்று தெரியாத குரலில். போத்தலைத் திறந்து தானே குடித்தார். பிறகு மோட்டார் சைக்கிளை உதைத்தார். "நாளைக்கும் கொண்டாந்து விர்ரன் சேர்."

அவள் பின்னால் ஏறி இருந்துகொண்டு சொன்னாள்: "சேர், யன்னல் பக்கச் சீட்டத்தான் அவன் பிடிச்சித்துப் போயிட்டான். எனக்குக் கடைசிச் சீட்."

அவள் தேறியதும் அடுத்த வகுப்புக்குப் போனதும் பிறகு நடந்தவை. அன்று எனக்கு அதைக் கொண்டாட நேரம் கிடைக்கவில்லை. மோட்டார் சைக்கிள் திரும்புவதற்குள், பள்ளியால் வந்து வேலையைத் தொடர்ந்த ஆண் பிள்ளைகளின் பக்கத்தில் இரண்டு குரல்கள் ஏறின. ஒருவன் ஒரு சீட்டைப் பிடித்துக்கொண்டு மற்றவனுடையதையும் கேட்கிறான். மற்றவன் தன்னுடையதை விடாமல் இவனுடையதைக் கேட்கிறான். இரண்டு திரையும் ஒன்றையொன்று காட்டிப் பொறுக்கச் சொல்கின்றன.

"நீ முதல்ல எழும்புடா!"

"நீ எழும்பு, நான் எழும்புறன்!"

முழு பஸ்ஸுக்கும் ஒரு லேஞ்சி இருந்த காலத்தில் இந்தச் சண்டை வந்ததேயில்லை. நான் செருப்பைக் கழற்றாமலே உள்ளே போனேன்.